ஏரியில் பிடித்த சங்கரா

"அத்தா, ஏரிக்குள்ள கடல் எந்தப் பக்கம் இருக்கு?"

மகள் அனம் இப்படிக் கேட்டபோது, தட்டில் கிடந்த சங்கரா மீன் கமருஸ்ஸமானையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் உப்பளம் கடைத்தெருவில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். ஞாயிறுதோறும் தூண்டிலோடு வேல்ராம்பட்டு ஏரிக்குப் போவார். ஒரு மீனும் அவரை மதித்ததில்லை. வெறுங்கையோடு வீடு திரும்ப வெட்கப்பட்டு, ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த கலியமூர்த்தியிடம் கெண்டை வாங்கிக்கொண்டு போய், "நானே புடிச்சேன்" என்பார். அந்த ஞாயிறு கலியமூர்த்தி வலை போடவில்லை. நம் மனிதர் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு வண்டியை விட்டார். அங்கே சிவப்பாக, அழகாக ஒன்று கிடந்தது. வாங்கிவிட்டார். சங்கரா கடல் மீன் என்பது இந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கு அது வீட்டு வாசலில், வழக்கம்போல "நானே புடிச்சேன்" என்று சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அவரோ, "அடியில இருக்கும்மா, ஆழத்துல" என்றார். மனைவி கனீஸ் பாத்திமா தலையைக் குனிந்துகொண்டு குழம்பு ஊற்றினாள்.

அனம் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். அடுத்த ஞாயிறு ஏரிக்கரையில் தேர்க்கூட்டம்.

லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்த கோபிநாத் என்ற குமாஸ்தா, கடலிலிருந்து ஏரிக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கம் ஒன்று வருவதாகக் கையை வளைத்து வளைத்து விளக்கினார். பத்துப் பேர் தரையில் காதை வைத்து அலையோசை கேட்டார்கள். இரண்டு பேருக்குக் கேட்டும்விட்டது.

பக்கத்துத் தெரு சுலோசனாவுக்கு மனசு தாங்கவில்லை. "பாவம், கடல்ல பொறந்த ஜீவன். இந்தச் சப்புத் தண்ணியில எப்பிடி மூச்சு விடும்?" என்று ஒரு பாக்கெட் கல்லுப்பைப் பிரித்தாள். இரக்கம் தொற்றிக்கொண்டது. பெட்டிக்கடையில் உப்பு தீர்ந்துபோனது. ஏரியில் இறங்கினால் சேறு. அதனால் எல்லோரும் கரையோரத்தில் இருந்த சின்னக் குட்டையில் கொட்டினார்கள்.

கலியமூர்த்தி மடித்துக் கட்டிய லுங்கியோடு ஓடிவந்தார். "ஐயோ, கொட்டாதீங்க! கட்லா மீன் குஞ்சு விட்டிருக்கேன். என் வருசப் பொழப்பே அதுலதான் இருக்கு!"

குஞ்சுகள் ஏற்கெனவே வயிறு தெரிய மிதக்கத் தொடங்கியிருந்தன. தூண்டிலோடு கரையில் நின்ற கமருஸ்ஸமான் கூட்டத்துக்குள் புகுந்தார். வெட்கத்தை விழுங்கிவிட்டு உரக்கச் சொன்னார்: "ஏரியில சங்கராவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நா தேங்காய்த்திட்டுல வாங்குனது. வூட்ல பொய் சொன்னேன்."

கூட்டம் அவரைக் கனிவோடு பார்த்தது.

"பெருமையே புடிக்காது பாய்க்கு" என்றாள் சுலோசனா.

"எடத்த ரகசியமா வச்சிக்கப் பாக்குறாரு" என்றார் கோபிநாத். இன்னொரு பாக்கெட் பிரிந்தது.

கலியமூர்த்தி கமருஸ்ஸமானை ஒரு கணம் பார்த்தார். திட்டியிருக்கலாம், நாலு பேர் எதிரில் சட்டையைப் பிடித்திருக்கலாம். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பாய் புடிச்சது நெசந்தான். ஆனா இப்ப ஒண்ணும் இல்ல. உப்பு பத்தலன்னு கோவிச்சிக்கிட்டு எல்லாம் காலையிலேயே மதகு வழியா கடலுக்குப் போயிட்டுது. நா கண்ணால பாத்தேன்" என்றார்.

மெய்யை நம்பாத கூட்டம் இதை உடனே நம்பியது. "போற உயிர் நல்லபடியா போய்ச் சேரட்டும்" என்று சுலோசனா மதகைப் பார்த்துக் கும்பிட்டாள். எல்லோரும் கலைந்தார்கள். பொய் பாவம்தான். ஆனாலும் அந்தப் பொய்யைச் சொன்ன மனசைப் படைத்தவன் பார்க்காமலா இருப்பான்?

"போ பாய். பொண்ணுகிட்ட மட்டும் உள்ளதச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு, கலியமூர்த்தி குட்டைத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார். முக்கால்வாசிக் குஞ்சுகள் போய்விட்டிருந்தன.

வீட்டில் அவர் சொன்னதும் அனம் சிரித்தாள். "தெரியும் அத்தா. நா பள்ளிக்கூடத்துல சொல்லிட்டு வந்த அன்னிக்கே அம்மா சொல்லிடுச்சி. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னும் சொல்லிச்சி."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கமருஸ்ஸமான் ஏரிக்கு வந்தார். கலியமூர்த்தி சாப்பிடப் போயிருந்தார். கரையில் கொக்குகள் மட்டும் நின்றன. தூண்டில் கொண்டு வரவில்லை; ஸ்கூட்டரில் காற்று அடைத்த பெரிய பிளாஸ்டிக் பைகள் இருந்தன. உள்ளே கட்லாக் குஞ்சுகள் துள்ளின. கலியமூர்த்தி செய்வதைப் பார்த்திருந்ததால் அவசரப்படவில்லை. புதிதாக நீர் விட்டிருந்த குட்டையில் பைகளை அப்படியே மிதக்கவிட்டு, உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே குளிர்ச்சிக்கு வரும்வரை முழங்கால் நீரில் காத்திருந்தார்.

பிறகு 'பிஸ்மில்லாஹ்' என்று ஒவ்வொரு பையாக அவிழ்த்தார். காலிப் பைகளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கலியமூர்த்தி வருவதற்குள் வண்டியைக் கிளப்பினார்.