ஆட்டக்காரிக்கு வைத்த பொட்டு

மணிமாறனுக்கு மூக்கு நுனியில் கோபம். வளைகுடாவில், ஃபர்வானியாவில் அவனோடு ஒரே அறையில் படுத்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவன் பெட்டிப்பாம்பாக இருந்தான். காரணம், ஒரு படம்.

ஃபஹாஹீலில் அவன் வேலை பார்த்த ஃபிரேம் கடைக்கு அது வந்திருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரப் பத்திரிகையின் ஒற்றைத் தாள். பாலே ஆட்ட மேடை. தலைவிரி கோலமாக ஒருத்தி, கையில் வாள், காலடியில் செத்துக் கிடக்கும் ஒருவன். படத்துக்குச் சொந்தக்காரர் கடையின் கஃபீல், எல்லாருக்கும் விசா கொடுத்த அரபி.

"வேற பிரதி கிடையாது. ஏதாவது ஆச்சு, கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. விசா கேன்சல்" என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். தை மாதம் தங்கை உமாராணிக்குக் கல்யாணம். இப்போது துரத்தினால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்று மணிமாறன் நடுங்கினான்.

வெறும் தாளாகவே வாரமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், வெள்ளிக்கிழமை காலையில்தான் அதற்குக் கண்ணாடி போட்டு முடித்தான். போட்டதே தெரியாத அளவுக்குத் துடைத்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மதியத்தோடு கடை பூட்டிவிடும்; சாயங்காலம் முதலாளி அறைக்கே காரில் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. படத்தை அறைக்குக் கொண்டுவந்து கட்டிலோரம் சாத்திவிட்டுக் குளிக்கப் போனான்.

திரும்பி வந்தால் ஊதுபத்தி வாசனை. படம் சாமி அலமாரியில் இருந்தது. ஆட்டக்காரியின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் பெரிய குங்குமப் பொட்டு. எதிரே கைகூப்பி நின்றான் ஐயப்பன், அதே அறையில் தங்கியிருந்த கொத்து வேலைக்காரன்.

"காளியாத்தாளக் கீழ வச்சிட்டுப் போயிட்டியேண்ணே."

முத்துமாலையும் குட்டைப் பாவாடையும் போட்ட காளியை எந்த ஊரில் கண்டானோ! மணிமாறன் கண்ணுக்கு அந்தச் சிவப்பு மட்டுமே தெரிந்தது. கட்டிலடியில் கிடந்த இரும்புக் குழாயை உருவினான்.

முதல் அடி தோளில். இரண்டாவது காதோரம், தோல் கிழிந்து தொங்கியது. ஐயப்பன் படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக் குனிந்தான். "அண்ணே, ஆத்தா மேல பட்டுரும்ணே." முதுகில் விழுந்தது, விலாவில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டும் மணிமாறன் நிறுத்தவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது அவனுக்கு. மல்லாக்க விழுந்தவன் மார்பில் கடைசி அடியை ஓங்கிப் போட்டான். ஏதோ நொறுங்கியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அறைக்காரன் கார்மேகம் பின்னாலிருந்து மணிமாறனைக் கட்டிப் பிடித்தான். "செத்துருவான்டா, விடுறா."

ஐயப்பன் வாயில் ரத்தம் நுரைத்தது. மார்பில் கண்ணாடிச் சில்லுகள் ஏறியிருந்தன. "கண்ணாடி மேலதானேண்ணே வச்சேன். துணியால தொடச்சாப் போயிருக்குமே."

மணிமாறன் குனிந்தான். உள்ளங்கையளவு சில்லொன்றில் பொட்டு கலையாமல் அப்படியே இருந்தது. தாளில் ஆட்டக்காரியும் இல்லை, வாளும் இல்லை. ஐயப்பனின் ரத்தம் எல்லாவற்றையும் குடித்துவிட்டிருந்தது.

கீழே தெருவில் முதலாளியின் கார் ஹாரன் அடித்தது.