மாப்பிள்ளை மோதிரத்தில் கொஞ்சம் செம்பு

அந்தத் தெருவில் அவளுக்கு 'சுத்தம் அத்தை' என்றுதான் பெயர். எண்ணெயை மோந்து பார்ப்பாள், தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பாள். கலப்படம் என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. மகளுக்கு வரன் முடிவானதும் மாப்பிள்ளைக்கு மோதிரம் வாங்க நகைக்கடைக்குப் போனவள், உட்காருவதற்கு முன்பே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"சொக்கத் தங்கத்துல வேணும். வேற எதுவும் சேரக் கூடாது."

"இருபத்திரண்டு காரட்டுல எடுங்கக்கா," என்றார் கடைக்காரர். "சுத்தத் தங்கம் ரொம்ப மிருதுவா இருக்கும். கொஞ்சம் செம்பும் வெள்ளியும் சேர்ந்தாதான் உருவம் நிக்கும்."

"எங்க மாப்பிள்ளைக்குச் செம்பா? நல்லா இருக்கே கதை!"

கடைக்காரர் அவள் கேட்டபடியே இருபத்துநான்கு காரட்டில் செய்து கொடுத்தார்.

மாப்பிள்ளைக்குப் பஸ் ஓட்டுகிற வேலை. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் மாமியார் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், இடது கையை பேன்ட் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அத்தைக்குச் சந்தேகம் தட்டியது. மோதிரத்தை விற்றுவிட்டாரோ?

மகளை அடுப்படிக்கு இழுத்துப்போய்க் கேட்டாள். "அவரையே கேளும்மா," என்று மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

"மாப்ள, அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க."

தயங்கித் தயங்கி வெளியே வந்த கையில் மோதிரம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் வட்டமாக இல்லை. யாரோ மிதித்துவிட்டுப் போனது போல நசுங்கி, விரலைக் கவ்விக்கொண்டிருந்தது.

"ஸ்டீயரிங்கை இறுக்கிப் புடிச்சாலே நெளியுது அத்தை. வண்டியை விட்டு இறங்கினதும் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில மாட்டி நிமித்திக்குவேன். நீங்க கோச்சுக்குவீங்களோன்னுதான் சொல்லல."

சந்தேகப்பட்டதற்கு அத்தைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பஸ் ஓட்டுகிற ஆள் தினமும் மோதிரம் நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்ததும் சிரிப்பு பீறிட்டது. அவள் சிரித்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு மூச்சே வந்தது.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள். மோதிரத்தைப் பார்த்த கடைக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிரிச்சிடுங்கண்ணே, அடக்கினா வயிறு வலிக்கும்," என்றாள் அத்தை. "எவ்வளவு செம்பு வேணுமோ போடுங்க. ஆனா என் கண் முன்னாடி போடணும்."

அப்படியே உருக்கினார். அனல் அடிக்க அடிக்க அவளும் நகராமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிரம் தயாரானதும் உள்பக்கம் 916 என்ற முத்திரையைக் காட்டி, "ஆயிரம் பங்குல இவ்வளவும் தங்கம்தான்கா, மிச்சம்தான் செம்பும் வெள்ளியும்," என்றார். மோதிரம் விரலில் கல்லு மாதிரி நின்றது.

செம்பும் வெள்ளியும் சேர்ந்ததில் எடை கூடி, மோதிரத்துக்குப் போக ஒரு துளி தங்கம் மிஞ்சியிருந்தது.

"அத்தைக்கு ஒரு மூக்குத்தி செஞ்சிடுங்க," என்றார் மாப்பிள்ளை, அவளைக் கேட்காமலேயே.

அது தயாரான அன்று அங்கேயே போட்டுக்கொண்ட அத்தை, கண்ணாடி முன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"கலர்கூட இதுதான் எடுப்பா இருக்கு, இல்ல மாப்ள?"