நாலாவது ஆளாகப் போன கல்

1

இடுப்பு நோகிறது. கிணறு வெட்டப் போன நாட்களில் இந்த நோவு பின்னேரம்தான் வரும். இப்போது கதிரையில் இருந்து எழுதினால் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. அதனால் இந்தக் கதையைக் கொஞ்சம் இருந்தும் கொஞ்சம் நின்றும் எழுதுகிறேன். எங்காவது வசனம் முறிந்து கிடந்தால் முள்ளந்தண்டைக் குறை சொல்லுங்கள்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஸ்ரெல்லாவுக்கு ஒரு பொய் சொன்னேன். அங்கிருந்து வந்தது. அவள் அன்புராஜாவின் மனைவி. அன்புராஜா எங்களோடு கிணறு வெட்டினவன். போன மாசியில் பண்டத்தரிப்பில் ஒரு கிணற்றை ஆழமாக்கும்போது பக்கக் கல் சரிந்து உள்ளேயே செத்தான். ஸ்ரெல்லா வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வாசிகசாலையில் வேலை செய்கிறாள். அச்சில் வருவது எதையும் விடமாட்டாள். இதையும் வாசிப்பாள்.

2

தொடக்கம் ஒன்று: "நுவரெலியாவின் பச்சைப் புல்வெளிகளின் மீது பனி மெல்ல இறங்கி—"

வேண்டாம். பார்க்காத ஆள் எழுதியது மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "வானுக்குள் நாங்கள் நாலு பேர்—"

மூன்று பேர். நான், எங்கள் வேலைக்கு மூத்தவரான கதிரவேலு அண்ணை, வான் வண்டி ஓட்டிய லெனாட். நான் மூன்று என்றுதான் எழுதினேன். [இதை வெட்டாமல் விடுகிறேன். நீங்களும் பார்க்கவேண்டும்.]

3

மலைநாட்டுக்குப் போவது அன்புராஜாவின் ஆசை. ஏரி, பூந்தோட்டம், புல்வெளி எல்லாம் பார்க்கவேண்டும். "நிலத்துக்குக் கீழை பாத்தது காணும், ஒருக்கா மேலை ஏறிப் பாப்பம்" என்பான். நாலு பேராகப் போவதென்று பேசி வைத்திருந்தோம். ஆடியில் புறப்பட்டபோது மூன்று பேர்தான் மிஞ்சினோம்.

எங்கள் ஊரில் மூன்று பேராகப் பயணம் வெளிக்கிட மாட்டார்கள். போகத்தான் வேண்டுமென்றால் ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கொண்டுபோவார்கள். கதிரவேலு அண்ணை இதில் கண்டிப்பு.

"கல்லில்லாமல் நான் வானுக்கை கால் வையன்."

"யேசு கூட வாறார் அண்ணை. அவரோடை நாலு," என்றான் லெனாட்.

"அவரை உதுக்கை இழுக்காதை. அவர் எல்லாற்றை வானுக்கையும் போறவர்."

பயணம் சொல்லிவிட்டுப் போக ஸ்ரெல்லாவின் வேலிப் படலையடியில் நின்றபோதுதான் இந்தப் பேச்சு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் வீட்டுக்குள் போய் ஒரு கல்லோடு வந்தாள். தேங்காய் அளவு, வெள்ளைச் சுண்ணக்கல். அன்புராஜா செத்த கிணற்றுக் கல். யேசுவைக் கும்பிடுகிற வேதக்கார வீட்டுப் பிள்ளை எங்கள் வழக்கத்துக்குச் சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"இவரைக் கொண்டு போங்கோ அண்ணை. பாக்க ஆசைப்பட்ட இடம். ஆனால் திருப்பிக் கொண்டந்து தரவேணும். வேறை ஒண்டும் என்னட்டை இல்லை."

"கொண்டு வாறன் பிள்ளை," என்றேன்.

(முதல் எழுத்தில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை. கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கல்லைத் தந்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தாள்.)

4

கிறகரி வாவியில் படகுக்காரன் நாலு மிதவைச் சட்டைகளை எடுத்து வைத்தான். மூன்று போதும் என்று லெனாட் கையால் காட்டினான். படகுக்காரன் எங்களுக்குப் பின்னால் பார்த்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்தான்.

ஹக்கலப் பூந்தோட்டத்துக்கு வெளியே தேத்தண்ணிக் கடை. நாலு கோப்பை வந்தது.

"நாலு சொன்னது ஆர்?" என்றேன்.

"நீதான் சொன்னனி," என்றான் லெனாட்.

"நான் விரலைக்கூடத் தூக்கேல்லை."

மூன்று கோப்பைகளில் ஆவி பறந்தது. நாலாவதை லெனாட் தொட்டுப் பார்த்தான்.

"மச்சான், இது பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு."*

* பேய்க்கதை எழுத வெளிக்கிட்டவன் இல்லை நான். கிணற்றுக்குள் நூறு விதமான சத்தம் கேட்டிருக்கிறேன். நூற்றுக்கும் காரணம் இருந்தது. படகுக்காரனின் பிழை, கடைக்காரனின் பிழை. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

5

வானுக்குள் கதைத்ததை எழுதினபடி விடுகிறேன்:

"அண்ணை, யன்னலைப் பூட்டுங்கோ."

"பூட்டித்தான்ரா கிடக்கு."

"அப்ப எங்காலை காத்து வருது?"

"எனக்குக் குளிருது."

முதலாவது லெனாட். இரண்டாவது கதிரவேலு அண்ணை. மூன்றாவது நான். நாலாவது வரியும் என்னுடைய கையெழுத்துத்தான், ஆனால் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. மூன்று தரம் வெட்டினேன். ஒவ்வொரு முறையும் படியெடுத்து முடித்துப் பார்த்தால் அங்கே நிற்கிறது.

6

ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீன் எல்லாவற்றையும் கழற்றி வாங்குவார்கள். காவலர் என் பையைத் திறந்து, கல்லைச் சுற்றியிருந்த பொலித்தீனைக் கிழித்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். லெனாட் அரைகுறைச் சிங்களத்தில் "எங்கடை ஆள்" என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். காவலர் சிரிக்கவில்லை. கல்லை இரண்டு கையாலும் ஏந்தி என் கையில் வைத்தார். அதற்குப் பிறகு அதைப் பைக்குள் போட எனக்கு மனம் வரவில்லை.

புல்வெளியில் ஒரு மரை மான் நின்றது. அது எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்தில், பார்த்துக்கொண்டு நின்றது.

ஒன்பது கிலோமீற்றர் நடை. நீரோடை ஒன்றுக்குக் கிட்ட இடுப்பு பிடித்துக்கொண்டது. கல்லைப் பாதையின் இடப்பக்கம் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அதற்குள் பனிப்புகார் மூடிவிட்டது. முன்னால் போன இருவரின் முதுகும் மறையப் பார்த்தது. ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். கொஞ்சத் தூரம் போன பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது.

[இந்த இடத்தில் "திரும்பிப் போக நேரம் இருக்கவில்லை, வாசல் பூட்டிவிடுவார்கள்" என்று எழுதியிருந்தேன். பொய். நேரம் இருந்தது.]

பின்னால் ஒரு குரல் கேட்டது. "பொறு மச்சான்."

லெனாட் என் முன்னால். கதிரவேலு அண்ணை அவனுக்கும் முன்னால்.

நான் திரும்பவில்லை. நடையைக் கூட்டினேன்.

வாசலடியில் அண்ணை கேட்டார், "ஆள் இருக்கே?"

"ஓம். பைக்குள்ளை."

7

சுண்ணக்கல்லுக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமா? என் வேலியடியில் அதே அளவில் ஒன்றை எடுத்து, கழுவி, ஸ்ரெல்லாவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள்.

"நல்லாயிருந்ததே அண்ணை?"

"நல்லாயிருந்தது பிள்ளை."

ஒரு கிழமை கழித்து வாசிகசாலையில் என்னை மறித்தாள்.

"அண்ணை, கல்லு ஒவ்வொரு காலமையும் நனைஞ்சு கிடக்கு. துடைச்சு வைச்சாலும் நனையுது."

"சுண்ணக்கல்லெல்லே. தண்ணியைக் குடிக்கும், பிறகு கக்கும்."

"ஆவணி வெய்யிலிலையோ?"

நான் பத்திரிகையைப் புரட்டினேன். முப்பது வருடம் சுண்ணக்கல் உடைத்தவன் நான். ஆவணியில் அது காய்ந்து வெடிக்கும், நனையாது.

"கை வைக்கேலாமல் குளிருது," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கை கூட்டிக்கொண்டு போய், அவரை எங்கையும் குளிரிலை நிக்க விட்டனீங்களோ?"

"இல்லை," என்றேன்.

8

முடிவு அ: நானும் லெனாட்டும் திரும்பப் போகிறோம். கறுப்புக் கற்களுக்கு நடுவில் வெள்ளைக் கல். தேடவே தேவையில்லை. எடுத்துக்கொண்டு—

இதை இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். "ஏன் பொறுக்கேல்லை மச்சான்?" என்று அன்புராஜா கேட்கிற இடத்தோடு பேனை நின்றுவிட்டது.

முடிவு ஆ: ஸ்ரெல்லா இதை வாசிக்கிறாள். ஈரம் சொட்டுகிற கல்லோடு என் படலையடிக்கு வருகிறாள். "அப்ப இது ஆர் அண்ணை?"

இது நல்ல முடிவு. ஆனால் எழுத எனக்கு உரிமை இல்லை. வருவதா இல்லையா என்பது அவளுடைய பாடு.

முடிவு இ: நீங்களே எழுதுங்கள். இதழ் வாசிகசாலைக்குப் போய்ச் சேரும்வரை ஸ்ரெல்லாவைவிட உங்களுக்குத்தான் கூடுதலாகத் தெரியும். என்ன எழுதினாலும் எங்களை மூன்று பேர் என்று எழுதுங்கள். எழுதி முடித்துவிட்டு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஹோட்டன் சமவெளியைச் சுற்றிப் பார்க்கப் போனால் நீரோடைக்குக் கிட்ட, பாதையின் இடப்பக்கம், அந்த மலைக்குச் சேராத ஒரு வெள்ளைக் கல் கிடக்கும். எடுக்கவேண்டாம். அன்புராஜா உங்களுக்குப் பின்னால் வெளிக்கிட்டால், அவனை எங்கே கொண்டுபோய் விடுவதென்று உங்களுக்குத் தெரியாது.

கூட்டிக்கொண்டு போனது நான். அன்புராஜாவை ஸ்ரெல்லாவிடம் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டிய கடன் எனக்கு இன்னும் இருக்கிறது.