சடைச்சியின் பிராது

அர்ச்சுனன் அடித்த அடியில் ராஜாமணியின் இடது கை வீங்கிப்போயிருந்தது. மறுநாள் காலையில் துணிமணியை மூட்டை கட்டினாள். அந்த மலையூரில் அடிபட்ட பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்கித் தாய்வீடு போயிருக்கிறார்கள்.

அதற்குள் மாமியார் சடைச்சி ஊர்க்கவுண்டரிடம் போய், பெற்ற மகன்மேலேயே பிராது சொல்லிவிட்டாள்.

மத்தியானம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. கவுண்டர் வீங்கிய கையைப் பார்த்தார்.

"போன வருசம், எம்பத்தஞ்சுல, நாமெல்லாம் சேந்து போட்ட கட்டு இது அர்ச்சுனா. இன்னிக்குத்தான் மொத பிராது வந்திருக்குது. பொண்டாட்டிய அடிச்சவன்தான் வூட்ட வுட்டுப் போவோணும். வூடும் சாம வெளையற காடும் அவகிட்டயே இருக்கும். அந்தப் புள்ளயா கூப்புட்டாத்தான் நீ வாசப்படி மிதிக்கலாம்."

அர்ச்சுனன் தாயைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் கம்பளியை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனான்.

ராஜாமணி மூட்டையைப் பிரித்தாள். ஒற்றைக் கையால் களி கிண்ட வரவில்லை. சடைச்சியே கிண்டி உருண்டை பிடித்து வைத்தாள்.

"பெத்த மவன்மேல சொல்ல எப்படிங்கத்த மனசு வந்துச்சு?"

"நான் அடிபட்டப்ப எம் மாமியா பாத்துக்கிட்டு நின்னா. அன்னிக்கு இந்தக் கட்டும் இல்ல. நீ சாப்புடு."

ராஜாமணி மாமியாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இனிக் கை நீட்டுவதில்லை என்று ஊர் முன்னால் அர்ச்சுனன் சத்தியம் செய்ய மூன்று மாதம் ஆயிற்று. அதன் பிறகே அவனைக் கூப்பிட்டாள். அந்த மூன்று மாதமும் பயமில்லாமல் தூங்கியதற்கு கட்டுப் போட்ட அந்த ஊரின் நாற்பது வீட்டுக்காரர்களையும் மனதார வாழ்த்தினாள்.