சாவி எடுத்த பிறகும்

தெருமுனையில் காரின் அந்த விசில் கேட்டதும் மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் போய், பெரிய கேட்டின் தாழ்ப்பாளை நீக்கி, ஒரு கதவைப் பாதி இழுத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. இழுத்த கதவைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே தள்ளினார். தாழ்ப்பாளைப் போட மறந்தாரோ, மனம் வரவில்லையோ, அப்படியே விட்டுவிட்டு வந்து செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார். அதற்குள் கார் எதிர்வீட்டு வாசலில் நின்று அணைந்துவிட்டிருந்தது. படுக்கப் போகுமுன் அவள்தான் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வருவாள். எதிர்வீட்டு மாடிக்கு அந்த வாடகைக்கார் டிரைவர் குடிவந்ததிலிருந்து இது நடக்கிறது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் கணவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றிய ஆள். பிள்ளை இல்லாத வீட்டில் அவனுடைய டீசல் காருக்குத்தான் அத்தனை செல்லமும். வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, காபி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடுவான்: ஆயிரத்து ஐந்நூறு சி.சி., நாலு சிலிண்டர், டர்போ, தொண்ணூறு குதிரைச் சக்தி, இரண்டாயிரம் சுற்றிலேயே முழு இழுவை. "தொண்ணூறு குதிரைய மேய்க்கத் தெரியுது, அடுப்புக்கு ஒரு சிலிண்டர மாத்தித் தரத் தெரியல" என்பாள் அவள். வந்தவர்கள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், சிலிண்டரை மாமனார்தான் மாற்றுவார். ஒரு தடவை எஞ்சினில் ஏதோ பைப் அதிர்கிறது என்று அவளுடைய ரோஜாப்பூ நைட்டியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினான். நல்ல நைட்டி அது. இரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை. அவன் போனபின், வாசலில் கார் நிற்பதை மாமனாரால் பார்க்க முடியவில்லை. விற்றுவிட்டார்கள். வாங்கிய புரோக்கர் அதை என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டுக்காரனுடைய கார் வேறு நிறம், வேறு நம்பர். ஆனால் குடிவந்த வாரமே அவன் சொல்லிவிட்டான், "பாடி ஒண்ணு, எஞ்சின் ஒண்ணுக்கா. பழைய எஞ்சின் சந்தைல எடுத்து மாட்டினது." அவள் வேலை பார்ப்பது ஒரு ஒர்க்ஷாப்பில். மெக்கானிக் இல்லை, முன்னால் உட்கார்ந்து புகார் வாங்குகிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் கவுன்ட்டர் அக்கா. பெரிய பெரிய அதிகாரிகள்கூட அவள் முன்னால் நின்று வாயாலேயே வண்டி ஓட்டிக் காட்டுவார்கள். "ட்ர்ர்ர்னு இழுக்குதும்மா, அப்புறம் டிக் டிக் டிக்." அவள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எழுதுவாள்: இஞ்செக்டர், கரி அடைப்பு, செயின் சத்தம். இப்படிக் கேட்டுக் கேட்டே அவளுக்குக் காது பழகிப்போயிருந்தது. எதிர்வீட்டு எஞ்சின் காலையில் குளிரில் உயிர்பெறும்போது ஒரு சிலிண்டர் தாளம் தப்பித்தான் சேர்ந்துகொள்ளும். மாலையில் தெரு திரும்ப ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் விசில் மெல்ல இறங்கி, முடியும் இடத்தில் ஒரு சின்ன விக்கல் எடுக்கும். அந்த விக்கலைக் கணவனின் காரில் அவள் ஒன்பது வருஷம் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள், மாமனார் பெரிய கேட்டைத் திறந்துவிடப் போவார். ஒரே மாதிரி எஞ்சினை ஒரு கம்பெனி எத்தனை ஆயிரம் செய்து விட்டிருக்கும், எல்லாம் இப்படித்தான் விக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லிக்கொண்டே மாலையானால் ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

போன மாதம் ஒரு நாள் டிரைவர் தெருவைக் கடந்து வந்தான். "அக்கா, ஆயில் அடிக்கடி குறையுது. மேடு ஏறும்போது நீலமாப் புகை வருது. உங்க ஒர்க்ஷாப்ல காட்டட்டுமா?"

அது என்னவென்று அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போகிறது. விட்டால் எஞ்சின் தன் ஆயிலைத் தானே உறிஞ்சிக் குடிக்க ஆரம்பிக்கும். தலைமை மெக்கானிக் டீ குடிக்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார். "டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறியே வேண்டாம்க்கா. எண்ணெயும் காத்தும் கெடச்சாப் போதும். ஆயிலக் குடிச்சுப் பழகிட்டா சாவிய எடுத்தாலும் நிக்காது, கத்திக்கிட்டே வேகம் ஏறும். காத்து போற குழாய மூடி மூச்ச அடச்சாத்தான் நிக்கும். கைய வெச்சுடாதீங்க, இழுத்துக்கும். பலகைய வைக்கணும்." இவ்வளவும் தெரியும் அவளுக்கு. ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு வந்தால் எஞ்சினைப் பிரிப்பார்கள், டர்போவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள் என்பதும் தெரியும். அப்புறம் மாலையில் தெருமுனையில் என்ன கேட்கும்?

"பழைய எஞ்சின்னா அப்படித்தான் தம்பி" என்றாள். "ஆயில் ஊத்திக்கிட்டே ஓட்டுங்க. இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அன்று இரவு பாத்திரம் கழுவும்போது, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த ‘நாளை’ ஒரு மாதமாக வரவில்லை.

அவளுடைய வார விடுமுறை நாள் காலை. அவள் பலகையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே டிரைவர் பானட்டைத் தூக்கி நிறுத்தி, கேனிலிருந்து ஆயிலை ஊற்றுவது தெரிந்தது. அவள் சொன்ன புத்திமதிதான், கணக்கில்லாமல் ஊற்றினான். பிறகு ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். தாளம் தப்பிய சிலிண்டர் வழக்கம்போல் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு சத்தம் தானாக ஏறத் தொடங்கியது. முதலில் யாரோ ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல் இருந்தது. மிதிக்கிறவன் காலை எடுக்கவே இல்லை. விசில் கூச்சலானது, கூச்சல் அலறலானது, வெள்ளையும் நீலமுமாகப் புகை தெருவை மூடியது. டிரைவர் கதவைத் திறந்து குதித்தான். கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டி இவர்கள் வீட்டைப் பார்த்துக் கத்தினான்.

"சாவி எடுத்துட்டேன்க்கா! சாவி எங்கிட்ட இருக்கு! நிக்க மாட்டேங்குது!"

மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி எஞ்சினைத் திணறடித்து நிறுத்தலாம்தான். ஆனால் அந்த அலறலுக்குள் மறுபடி ஏறி உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்? கேரட் துண்டுகளைத் தரையில் கொட்டிவிட்டு அவள் பலகையோடு ஓடினாள். புகைக்குள் கண் எரிந்தது. காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைத் தேடிப் பிடித்து இழுத்தாள். கிளிப் தளர்ந்துதான் இருந்தது, கையோடு வந்துவிட்டது. குழாயின் வாய் அவளைப் பார்த்துத் திறந்து காற்றை உறிஞ்சியது.

அப்போதுதான் பார்த்தாள். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய பைப்பின்மேல் துணி சுற்றியிருந்தது. எண்ணெயும் கரியும் ஏறிக் கறுத்துப்போன துணி. முடிச்சுக்கு அடியில் மட்டும் கரி ஒட்டாமல் தப்பிய ஒரு ரோஜா.

அவள் கை நின்றுவிட்டது. ஒரு நொடிதான் இருக்கும். எஞ்சின் அவள் முகத்துக்கு நேரே தன்னையே எரித்துக்கொண்டு கத்தியது. இனி ஒரு நாளும் உன்னை இப்படிக் கேட்க மாட்டேன் என்று நினைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பலகையைக் குழாய் வாயில் வைத்து அழுத்தினாள். அது பலகையை வெடுக்கென்று இழுத்துப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடி அவள் தோள்வரை ஏறியது. எஞ்சின் திணறியது, குலுங்கியது, இரண்டு முறை இருமியது. எல்லாம் அடங்கியபின், கடைசியாக, அந்தச் சின்ன விக்கல்.

தெரு மொத்தமும் காது அடைத்தாற்போல் இருந்தது. டிரைவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். சாவி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"நல்ல வேளை, நீங்க இருந்தீங்க அக்கா. இல்லன்னா என் பொழப்பே போயிருக்கும்."

அந்த நன்றியை வாங்கிக்கொள்ள அவளுக்கு முகமில்லை.

"எனக்குப் புரியவே இல்லக்கா" என்றான் அவன். "நீங்களும் ஒண்ணும் ஆகாதுன்னீங்க. போன வாரம் உங்க வீட்டு ஐயாகிட்டயும் கேட்டேன், லாரி ஓட்டினவராச்சேன்னு. அவரும் அதையேதான் சொன்னாரு. 'எஞ்சின் அருமையா இருக்கு, யாரையும் தொட விடாதே'ன்னாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமனார் கேட்டுக்கு உள்ளே வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தார்.

வண்டியை இழுத்துக்கொண்டு போக ஒர்க்ஷாப்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வண்டியைப் பார்த்துவிட்டுத் தலைமை மெக்கானிக் தொலைபேசியில் சொன்னார், உடனே நிறுத்தியதால் எஞ்சின் பிழைக்கும், டர்போ மட்டும் போயிற்று என்று. அவள் வீட்டுக்குள் வந்து பலகையைக் கழுவ உட்கார்ந்தாள். குழாயின் வாய் அதில் கறுப்பாக ஒரு வட்டம் போட்டிருந்தது. சோப்பு போட்டாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வட்டம் வெளிறியதே தவிரப் போகவில்லை. மாமனார் பின்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"நின்னுடுச்சாம்மா?"

"நிறுத்திட்டேன் மாமா." கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டுச் சொன்னாள், "என் நைட்டித் துணி இருந்துச்சு அதுல."

"எனக்குத் துணியெல்லாம் வேண்டியதில்லம்மா, சத்தமே போதும்" என்றார் அவர்.

இருவரும் இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் முன்னால் ஒருவர் அழுதார்கள். அவள் பலகையைப் பார்த்தபடி, அவர் சுவரைப் பார்த்தபடி.

"அந்தத் தம்பிகிட்ட சொல்லிடணும் மாமா. நாம வேணும்னேதான் பொய் சொன்னோம்னு. டர்போவும் நாமதான் போட்டுத் தரணும்."

"சாயந்தரம் போவோம். ரெண்டு பேருமே போவோம்." கிளம்பியவர் நின்று கேட்டார். "புதுசு போட்டா விசில் அடிக்குமா?"

"அடிக்கும் மாமா. வேற மாதிரி."

மாலையில் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செய்தித்தாள் மடித்தபடியே கிடந்தது. வழக்கமான நேரம் வந்தது. ஜன்னலருகே அவள் நின்றாள். தெருமுனையில் ஒரு சைக்கிள் மணி, யாரோ யாரையோ கூப்பிடும் குரல், வேறொன்றும் இல்லை. மாமனார் எழுந்தார். அவளும் தலையைக் கோதிக்கொண்டு கூடவே நடந்தாள். தெருவைக் கடக்கிற இரண்டு பேருக்குப் பக்கத்துச் சின்னக் கேட்டே தாராளம். அவர் பெரிய கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினார். ஒரு கதவை முழுவதும் இழுத்துச் சுவரோடு சேர்த்தார். அவள் மற்றதை இழுத்தாள். துருப்பிடித்த கீல் நெடுநாளுக்குப் பிறகு முனகியது. எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. கேட்டை அப்படியே அகலத் திறந்துபோட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், இருவரும் தெருவில் இறங்கினார்கள்.