வாயைத் திறந்து சொல்லுங்க

எங்கள் பள்ளிச் சமையலறையில் பேச்சு உப்பு மாதிரி. கொஞ்சம் தூக்கலாகிவிட்டாலும் முகம் சுளிப்போம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஃபின்லாந்தின் தாம்பரே நகரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். வாயை மூடிய பிள்ளைதான் இங்கே நல்ல பிள்ளை.

நான் தூலிக்கி, அங்கே தலைமைச் சமையல்காரி. பாத்திரம் கழுவுவது சினிக்கா. காய் நறுக்குவது நெனிட்டா. பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள், துணை என்று ஒரே மகள், இதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

கோடையோடு சமையலறையை மூடப்போவதாக அறிவித்தார்கள். எனக்கும் சினிக்காவுக்கும் வேறு இடம் போட்டுத் தருவார்கள். நெனிட்டா ஒப்பந்தக்காரி, அவளுடைய விசாவும் வேலையோடு கட்டிப்போட்டது. வேறு வேலை கிடைக்காவிட்டால் சில மாதங்களில் மகளோடு கிளம்ப வேண்டியதுதான். நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கிவிட்டால் அந்தக் கட்டு இல்லை, ஆனால் அதற்கு ஃபின்னிஷ் மொழித் தேர்வில் தேற வேண்டும்.

அவள் எழுதியிருந்த தேர்வின் முடிவு வந்தது. வாசிப்பில், எழுத்தில், கேட்பதில் தேறியிருந்தாள். பேச்சில் தோல்வி.

"எங்ககிட்ட நல்லாத்தானே பேசுற? அங்க போய் என்னடி பண்ணின?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க பேசுற மாதிரியேதான் அக்கா பேசினேன்."

நடித்துக் காட்டு என்றேன். தேர்வறையில் எதிரே ஆள் கிடையாது. காதில் ஒரு குரல் கேட்கும், பதிலை இயந்திரம் பதிவு செய்யும். பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டே நான் அந்தக் குரலானேன்.

"தோழி உன்னை ஏரிக்கரை வீட்டுக்குக் கூப்பிடறா. பதில் சொல்லு."

நெனிட்டா தலையை ஆட்டி, 'யோ' என்று மூச்சை உள்ளே இழுத்தாள். அவ்வளவுதான். எங்கள் ஊர் 'ஆமாம்' அப்படித்தான், பாதி காற்று. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் காற்றும் தலையாட்டலும் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

"மாடி வீட்டு நாய் ஓயாம குரைக்குது. அவங்ககிட்ட சொல்லு."

நெனிட்டா கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன்டி சும்மா நிக்கிற?"

"நேர்ல போய் யாராவது கேப்பாங்களா? படிக்கட்டுல சீட்டு ஒட்டிட்டு வந்துடணும்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க!"

சினிக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரோடு ஒத்து வாழ்ந்தவளை, ஒத்து வாழ்ந்த குற்றத்துக்கே ஊரைவிட்டு அனுப்பப் பார்க்கிறார்கள். இவளைக் கெடுத்தது நாங்கள்தான்.

கோடைக்கு முன் இன்னொரு தேர்வு இருந்தது. "இனிமே சூப் கொதிக்கிற வரைக்கும் யாராவது பேசிக்கிட்டே இருக்கணும்," என்றேன்.

"அதுக்கு என்னைக் கொன்னு அதே சூப்ல போட்டுடு," என்றாள் சினிக்கா.

முதலில் நான் வானிலையை எடுத்தேன். கரண்டி இரண்டு சுற்று வருவதற்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. நெனிட்டா மகளுக்குப் பல் விழுந்த கதையை இழுத்து இழுத்துச் சொன்னாள். நாள் போகப் போக எங்களுக்கும் நாக்கு கொஞ்சம் புரள ஆரம்பித்தது. ஒரு வியாழக்கிழமை அப்பம் வார்த்துக்கொண்டிருந்தபோது, மகன் தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான் என்று யாரும் கேட்காமலே சினிக்கா சொன்னாள். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவளுக்கு மகன் இருப்பதே எனக்குத் தெரியாது.

"நீங்களே போன் பண்ணுங்க அக்கா," என்றாள் நெனிட்டா.

"பண்ணி? என்னன்னு ஆரம்பிக்கிறது?"

"மாடி வீட்டு நாய் குரைக்குதுன்னு ஆரம்பிங்க!"

சிரித்த சிரிப்பில் ஒரு ஈடு அப்பம் கருகிப்போனது. சினிக்கா சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே அவனைக் கூப்பிட்டுவிட்டாள்.

இரண்டாம் தேர்வு எழுதிவிட்டு வந்த நெனிட்டாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நேரம் முடிஞ்சும் பேசிக்கிட்டே இருந்தேன் அக்கா. நாயோட சொந்தக்காரரையே ஒரு வழி பண்ணிட்டேன்."

சமையலறையை மூடிய பிறகுதான் முடிவு வந்தது. நான் பேருந்தில் இருந்தபோது நெனிட்டா போன் பண்ணினாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, தேறிட்டேன்! இங்கயே இருக்கலாம் அக்கா!"

'யோ' என்றேன், மூச்சை உள்ளே இழுத்து.

"கேக்கல அக்கா. வாயைத் திறந்து சொல்லுங்க."

"ரொம்ப சந்தோஷமா இருக்குடி!" என்று கத்திவிட்டேன். "நீ போயிடுவியோன்னு பயந்து செத்தேன்! எங்கயும் போகாத!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று இறங்கும் இடம் வரை பேசிக்கொண்டே போனேன்.