வளைவுக்குக் கீழ யாரு நிக்கிறது

1
உள்ளதச் சொல்லிடறேன். இந்தக் கதை ஒரு வார்த்தையில நான் மாட்டிக்கிட்டதால வந்தது. 'வால்ட்'. இங்கிலீஷ்ல தாண்டிக் குதிச்சாலும் வால்ட், நகைய வெச்சுப் பூட்டுற அறையும் வால்ட், செங்கல்ல வளைச்சுக் கட்டுற கூரையும் வால்ட். வேரைத் தோண்டினா எல்லாம் லத்தீன்ல 'உருள்றது, திரும்புறது'ங்கிற ஒரே சொல்லுக்குப் போகுது. விடுவேனா?

2
முதல் தொடக்கம்: "கம்பை ஊன்றி அவள் வானத்தை நோக்கி..." வேணாம். எனக்கு மாடிப்படிக்கே மூச்சு வாங்கும்.

அடுத்தது: "பூட்டிய அறைக்குள் திருடன்..." உள்ள விட்டுட்டேன், வெளிய கொண்டுவரத் தெரியல. அங்கயே இருக்கட்டும்.

மிச்சம் கூரை.

3
கட்டினது ஒரு கொத்தனாரம்மா. அவளோட முதல் கூரை. செங்கல் இறுகற வரைக்கும் தாங்க, கீழ பலகையும் முட்டுமா சென்ட்ரிங் போட்டது அவ வீட்டுக்காரர். இவங்க ஆளுங்ககிட்ட ஒரு வழக்கம்: சென்ட்ரிங் பிரிக்கிறப்ப, கட்டினவங்க அதுக்கு நேர் கீழ நிக்கணும். நின்னாதான் அடுத்த கூரை. இல்லேன்னா காலம்பூரா பூச்சு வேலைதான்.

போய் நின்னுட்டா. பலகையெல்லாம் உருவியாச்சு. வாசல் ஓரத்து முட்டு ஒண்ணு பாக்கி, அதுக்கடியில ஒரு ஆப்பு.* அதத் தட்டி எடுத்துட்டா கூரை தானா நிக்கணும்; தட்ட வேண்டியது வீட்டுக்காரர்தான்.

கூரை நடுவுல ஒரு செங்கல் வரிசை வெக்கிறப்ப மழை பிடிச்சு, சாந்து நனைஞ்சுபோச்சு. அது இவங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

* நிஜ மர ஆப்புங்க.

4
(வீட்டுக்காரர இவ்வளவு பயந்தாங்கொள்ளியா எழுதலாமா? தைரியசாலியா மாத்திப் பார்த்தேன். ஆளு ஒத்துக்கல.)

"நீ வெளிய வா. நான் நிக்கிறேன்."

"கட்டினது நீங்களா?"

"அந்த மழை வரிசை..."

"கத்தாதீங்க, ஆளுங்க காதுல விழும். தட்டுங்க."

"கை வரலம்மா."

"வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னாலும் இதே பாட்டுத்தான்!"

முடிவு அ: கூரை நிக்குது, எல்லாரும் கைதட்றாங்க. (ரொம்ப இனிப்பு.)
முடிவு ஆ: கூரை... எழுத மாட்டேன். எனக்கு அவளப் பிடிச்சுப்போச்சு.

5
நான் இப்படி இழுத்துக்கிட்டு இருக்கறப்பவே, என்னை ஒரு வார்த்தை கேக்காம, அந்த மனுஷன் சுத்தியலப் போட்டுட்டு, செங்கல் குவியல ஒரே தாண்டு தாண்டி உள்ள போய் அவ பக்கத்துல நின்னுட்டார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? நீங்களும் இங்க வந்துட்டா ஆப்ப யாரு தட்டுறது?"

சுத்தி நிக்கிற ஆளுங்க திடீர்னு வானத்தப் பாக்கிறாங்க, செருப்பப் பாக்கிறாங்க. அவ சிரிப்ப அடக்கிக்கிட்டு, அவர் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நேரா கதைக்கு வெளிய, இந்தப் பக்கமே பாக்கிறா.

என்னைப் பாக்காத தாயி, நான் தட்ட மாட்டேன்.

சுத்தியல் உங்க காலடியிலதான் கிடக்கு.